இடம் கிடைத்த சேதி யாருக்குப் போகிறது?

ஆத்தூர் வெற்றிலைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊருக்குப் பெருமை! அதைக் கிள்ளுகிறவன் கூலியைப் பற்றி இன்னொரு நாள் எழுதுவோம். இன்று அவன் மகளைப் பற்றிப் பேசுவோம்.

பன்னிரண்டாம் வகுப்பிலே தேறி, பொறியியல் கல்லூரிக்கு மனுப் போட்டிருக்கிறாள். இடம் கிடைத்ததா என்பது அவளுக்கு எப்படித் தெரியும்? கைப்பேசிக்குச் செய்தி வருமாம். கைப்பேசி எங்கே? அப்பன் மடியிலே, கொடிக்காலுக்குள்! அல்லது, மனுவை நிரப்பித் தந்த கணினிக் கடைக்காரர் தம் எண்ணையே போட்டு வைத்திருக்கிறார்.

முன்பு அழைப்புக் கடிதம் வீட்டுக்கு வந்தது. தகப்பனும் பிள்ளையும் 600 கிலோமீட்டர் கடந்து சென்னைக்குப் போனார்கள். பேருந்தில் பாதிக் கட்டணம். ஆனால் போன கூலியைத் தருவார் யார்? எனினும் அண்ணா பல்கலைக் கழகத்துக் கலந்தாய்வில் இடம் பெற்றவர், ஒதுக்கீட்டு ஆணையைக் கையோடு கொண்டு திரும்பினார்.

2018இல் கலந்தாய்வு இணையவழி ஆனது. அலைச்சல் ஒழிந்தது, வரவேற்கிறோம். கணினியோடு நமக்கென்ன பகை? ஆனால் இப்போது தற்காலிக ஒதுக்கீடு வருகிறது. ஓரிரு நாளில் "சம்மதம்" என்று பதிய வேண்டும். பிறகு குறித்த நாளுக்குள் பணம் கட்ட வேண்டும். தவறினால் இடம் போயிற்று! அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 விழுக்காடு என்று 2021இல் சட்டம் தந்த இடத்தை, பார்க்காமல் போன ஒரு குறுஞ்செய்தி பறித்துக்கொண்டு போவதா?

தனியார் கல்லூரிகளிலோ சேதி பறந்து வருகிறது. "இடம் தீரப்போகிறது, இன்றே பணம் கட்டு" என்கிறார்கள். பயந்து கட்டுகிறான். அரசு ஒதுக்கீடு வந்தபின் திரும்பிப் போனால் சான்றிதழ் பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கிறது. அசல் சான்றிதழைப் பிடித்து வைக்கக் கூடாது, விலகுகிறவருக்குக் கட்டணத்தைத் திருப்ப வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இலேயே அறிவித்திருக்கிறது. கேட்கத் தெரிந்தவனுக்குத்தான் அது கிடைக்கிறது.

நாம் கேட்பது அதிகமில்லை. சேதி தெளிந்த தமிழில் வரட்டும். பிள்ளை படித்த பள்ளித் தலைமை ஆசிரியருக்கும் ஒரு படி போகட்டும். பேரூராட்சி அலுவலகச் சுவரிலே பட்டியல் ஒட்டப்படட்டும். சம்மதம் பதிய ஒரு வாரமாவது தரப்படட்டும்.

அதுவரை தோழர்கள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. படிப்பகத்திலே ஒரு நோட்டுப் போடுங்கள். மனுச் செய்த ஒவ்வொரு பிள்ளையின் பெயர், பதிவு எண், கொடுத்த கைப்பேசி யாருடையது என்பதை எழுதுங்கள். கலந்தாய்வு நாட்களில் மாலை ஆறு மணிக்கு ஒருவர் உட்கார்ந்து பார்த்து, அன்றிரவே வீட்டுக் கதவைத் தட்டிச் சொல்லுங்கள்.