மூடியைத் திறந்து கொடுங்கள்

மே மாதத்து மதுரையில், ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் போட்ட ஃபஸ் பெடல் ஒழுங்காகப் பேசாது. காலையில் கனமாக உறுமிய பெட்டி, மதியம் மூன்று மணிக்கு மெலிந்துபோய் விட்டு விட்டு ஒலிக்கும். லண்டன் குளிரில் பிறந்த சர்க்யூட் அது. 40 டிகிரியைத் தாண்டும் வெயிலில் என்ன செய்யும் என்று அதை வடிவமைத்தவர்கள் யோசித்திருக்க நியாயமில்லை. யோசிக்க வேண்டியவர்கள் நாம்.

சித்திரை பிறந்தால் மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், வாடிப்பட்டி என்று எந்தப் பக்கம் போனாலும் கோயில் திருவிழா. திருவிழா என்றால் இன்னிசைக் கச்சேரி. மேடையில் பாடுகிறவரைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். அடுத்த முறை கிட்டார் வாசிப்பவரின் காலடியைப் பாருங்கள். உள்ளங்கை அகலத்தில் சின்னச் சின்னப் பெட்டிகள் இருக்கும். காலால் ஒரு மிதி மிதித்தால் கிட்டாரின் குரலே மாறிவிடும். அதுதான் பெடல். கிட்டாரிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் மெல்லிய மின் அலையை வழியில் பிடித்து, பெருக்கி, உச்சியை வெட்டி, சில நேரம் தாமதப்படுத்தி அனுப்புவது அதன் வேலை. அலையின் உச்சியை முரட்டுத்தனமாக வெட்டினால் வருவது ஃபஸ்.

வெளிநாட்டுப் பெடல் ஒன்று பல ஆயிரம் ரூபாய். உள்ளே இருக்கும் சாமான்களை உதிரியாக வாங்கினால் சில நூறு ரூபாய்தான் ஆகும்; அதிலும் பாதிக்கு மேல் கால் சுவிட்சும் பெட்டியும் தின்றுவிடும். அதனால்தான் எலெக்ட்ரானிக்ஸ் படிக்கும் பிள்ளைகளும், மைக்செட் ரிப்பேர் செய்கிறவர்களும், பொழுதுபோக்காகச் சால்டரிங் அயர்ன் பிடிக்கிறவர்களும் சொந்தமாகச் செய்து பார்க்கிறார்கள். செய்ததை நண்பர்களுக்குக் கொடுத்து வாசிக்கச் சொல்வதில் கிடைக்கும் சந்தோஷம், செய்தவர்களுக்குத்தான் தெரியும்.

ஃபஸ் ஒலி ஒரு பழுதிலிருந்து பிறந்தது. 1961-ல் வெளிவந்த மார்ட்டி ராபின்ஸின் ‘டோன்ட் வொரி’ பாட்டுக்காக அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் ஒலிப்பதிவு நடந்தபோது, மிக்சரின் ஒரு சேனல் கெட்டுப்போய், கிரேடி மார்ட்டின் வாசித்த பேஸ் கிட்டார் கரகரவென்று பதிவானது. ஒலிப்பொறியாளர் க்ளென் ஸ்னாடி அந்தக் கரகரப்பை டிரான்சிஸ்டர்களைக் கொண்டு வேண்டுமென்றே உண்டாக்கும் சர்க்யூட்டை அமைத்தார். கிப்சன் நிறுவனம் அதை 1962-ல் ‘மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன்’ என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1965-ல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கீத் ரிச்சர்ட்ஸ் ‘சாட்டிஸ்ஃபாக்ஷன்’ பாட்டில் வாசித்த பிறகு உலகம் முழுக்க அந்த ஒலி பரவியது. மறு ஆண்டே லண்டனில் ‘ஃபஸ் ஃபேஸ்’ வந்தது. கிட்டார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் மிதித்தது அதைத்தான்.

அந்த ஃபஸ் ஃபேஸைத் திறந்து பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். இரண்டு டிரான்சிஸ்டர், நான்கு ரெசிஸ்டர், மூன்று கெப்பாசிட்டர், இரண்டு வால்யூம் கண்ட்ரோல், ஒரு 9 வோல்ட் பேட்டரி. அவ்வளவுதான். முதன்முதலாகச் சால்டரிங் பழகுகிறவர்கூட ஒரு மத்தியானத்தில் முடித்துவிடலாம். ஆனால் முடித்த பிறகுதான் உண்மையான வேலை ஆரம்பிக்கிறது.

இரண்டாவது டிரான்சிஸ்டரின் கலெக்டர் காலில் பேட்டரி மின்னழுத்தத்தின் பாதி, அதாவது சுமார் 4.5 வோல்ட், நிற்க வேண்டும். ஜெர்மானியத்தில் வேண்டாத மின்கசிவு எப்போதும் கொஞ்சம் இருக்கும். ஏறக்குறைய ஒவ்வொரு 10 டிகிரி ஏறும்போதும் அந்தக் கசிவு இரட்டிப்பாகும். டிரான்சிஸ்டரை விரலால் பிடித்துக்கொண்டே அளந்து பாருங்கள், உடம்புச் சூட்டுக்கே மீட்டரில் எண் ஓடும். விரலை எடுத்து, ஆறவிட்டுத்தான் கணக்கெடுக்க வேண்டும். சால்டர் வைக்கும்போதும் அதன் காலை நோஸ் பிளையரால் கவ்விப் பிடித்துக்கொள்வது நல்லது. சூடு பிளையருக்குப் போய்விடும். 25 டிகிரியில் 4.5 வோல்ட்டுக்குச் சரிசெய்து வைத்த பெட்டி 40 டிகிரியில் எங்கே போய் நிற்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

மருந்து எளிது. அந்தக் கலெக்டரில் இருக்கும் 8.2 கிலோ ஓம் ரெசிஸ்டரை எடுத்துவிட்டு, 20 கிலோ ஓம் பிரீசெட் ஒன்றைப் போட வேண்டும். கச்சேரிக்கு முன்னால் மீட்டரை வைத்து, ஸ்க்ரூ டிரைவரால் மெல்லத் திருகி, அன்றைய வெயிலுக்கு ஏற்ப 4.5-க்குக் கொண்டுவந்துவிடலாம். அல்லது ஜெர்மானியத்தை விட்டுவிட்டு பி.சி.108 போன்ற சிலிக்கான் டிரான்சிஸ்டருக்கு மாறிவிடலாம். ஃபஸ் ஃபேஸே பிற்பாடு சிலிக்கானுக்கு மாறியதுதான். சிலிக்கானின் ஒலி கூர்மை, ஜெர்மானியத்தின் ஒலி குழைவு. மேடைக்குச் சிலிக்கான், வீட்டுக்கு ஜெர்மானியம் என்பது என் கட்சி.

மதுரையிலிருந்து 50 கிலோமீட்டருக்குள் இருக்கும் மானாமதுரையில் கடம் செய்கிறார்கள். அந்தக் கடத்தின் கனமும் நாதமும் அந்த ஊர் மண்ணைத் தெரிந்த கைகளிலிருந்து வருபவை. பெடலும் அப்படித்தான். எங்கேயோ வரைந்த சர்க்யூட்டை இந்த ஊர் வெயிலுக்கும், இந்த ஊர் கரண்டுக்கும், இந்த ஊர் மேடைக்கும் பழக்க வேண்டியிருக்கிறது. பிளாஸ்டிக் டப்பாவுக்குள் கட்டிய பெடல் சீரியல் செட்டுக்குப் பக்கத்தில் போனதுமே ‘ம்ம்ம்’ என்று இரையும். அதையே எவர்சில்வர் டப்பாவுக்குள் வைத்து, டப்பாவைச் சர்க்யூட்டின் எர்த்தோடு சேர்த்துவிட்டால் இரைச்சல் பெரிதும் அடங்கிவிடும். இதெல்லாம் பக்கத்து ஊர்க்காரர் சொன்னால்தான் தெரியும்.

இப்படி மாற்றிக்கொள்வது நமக்குப் புதிதும் அல்ல. மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் எலெக்ட்ரிக் மாண்டலினின் நான்கு ஜோடித் தந்திகளை ஐந்து ஒற்றைத் தந்திகளாக மாற்றித்தான் கர்நாடக இசையின் கமகங்களைக் கொண்டுவந்தார். இன்று கச்சேரிகளில் கேட்கும் எலெக்ட்ரானிக் சுருதிப் பெட்டியைக் கொண்டுவந்த பெங்களூரு ஜி. ராஜ் நாராயண், புல்லாங்குழல் வாசிக்கத் தெரிந்த ஒரு பொறியாளர். மும்பையில் அனிமல் ஃபேக்டரி நிறுவனம் சொந்தப் பெடல்களைச் செய்து விற்கிறது.

கையால் பெடல் செய்கிறவர்களில் சிலருக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. சர்க்யூட்டை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று அதன்மேல் எபாக்சி பசையை ஊற்றி மூடிவிடுவார்கள். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. நமக்குச் சர்க்யூட் எங்கிருந்து கிடைத்தது? கிரெய்க் ஆண்டர்டன் 1975-ல் இசைக்கலைஞர்களுக்காக எழுதிய எலெக்ட்ரானிக்ஸ் புத்தகத்தைப் பார்த்து எத்தனை பேர் கற்றுக்கொண்டார்கள்! 1969-லிருந்து வரும் ‘எலெக்ட்ரானிக்ஸ் ஃபார் யூ’ இதழ் இந்தியா முழுவதும் எத்தனை பேரைச் சால்டரிங் அயர்ன் பிடிக்க வைத்திருக்கிறது! யாரோ திறந்து காட்டியதைப் பார்த்துக் கற்றவர்கள் மூடி வைப்பது நியாயமில்லை. எபாக்சி ஊற்றிய பெடலில் ஒரு கெப்பாசிட்டர் போனாலும், மொத்தப் பெட்டியும் குப்பைக்குத்தான்.

மூடி வைத்தால் ஆபத்தும் உண்டு. பழைய ஜெர்மானியம் ஃபஸ் பெரும்பாலும் பி.என்.பி. வகை டிரான்சிஸ்டரில் ஓடும், அதில் பேட்டரியின் பாசிட்டிவ்தான் எர்த். மற்ற பெடல்களில் நெகட்டிவ் எர்த். இரண்டையும் ஒரே அடாப்டரில் கோத்தால் ஷார்ட். “அண்ணே, இதுக்குத் தனி பேட்டரிதான். மத்ததோட சேத்துப் போட்டுறாதீங்கண்ணே” என்று கொடுக்கும்போதே பெடலைச் செய்த தம்பி சொல்லிவிட வேண்டும். இன்னொன்று, பெரும்பாலான பெடல்களுக்கு அடாப்டர் பின்னின் நடுவில் நெகட்டிவ் வர வேண்டும். வீட்டில் கிடக்கும் மோடம் அடாப்டரில் பெரும்பாலும் நடுவில் பாசிட்டிவ்தான் இருக்கும். தெரியாமல் செருகினால் பெடல் போய்விடும். ஒரு 1என்4007 டையோடு போட்டுக் காப்பாற்றலாம்; விலை ஓரிரு ரூபாய்தான்.

ஆகவே, பெடல் செய்து நண்பருக்குக் கொடுக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மூடியின் உள்பக்கம் ஒரு தாளை ஒட்டுங்கள். சர்க்யூட் படம், எந்த டிரான்சிஸ்டர், கலெக்டரில் எத்தனை வோல்ட், அன்றைக்கு எத்தனை டிகிரி வெயில், எர்த் பாசிட்டிவா நெகட்டிவா, சர்க்யூட்டை யாரிடமிருந்து எடுத்தீர்கள் என்று எல்லாம் அதில் இருக்கட்டும். வாங்கி வாசித்தவரும் திருப்பிக் கொடுக்கும்போது, எந்த ஊர் மேடையில் எப்படி ஒலித்தது என்று அதே தாளில் எழுதட்டும். நாலு திருவிழா சுற்றி வந்த அந்தத் தாள், அடுத்தவர் செய்யும் பெடலுக்குப் பாடப்புத்தகம்.

இசைக்குச் சம்பந்தமில்லாத வாசகர்களுக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது. பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1960-களில் ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்களைத் தயாரிக்கத் தொடங்கியது. அதன் ஏ.சி.128 அந்தக் காலத்து ரேடியோக்களில் இருந்தது. ஃபஸ் செய்ய உகந்த டிரான்சிஸ்டர்களில் அதுவும் ஒன்று. பரணில் ஓடாத டிரான்சிஸ்டர் ரேடியோ கிடந்தால், எடைக்குப் போட்டுவிடாதீர்கள். உங்கள் தெருவில் கிட்டார் வாசிக்கும் பிள்ளை இருந்தால் கூப்பிட்டுக் கொடுங்கள்.