மரத்துப்போன விரலுக்கு ஒரு ரிவோல்வர்

டெக்ஸாஸில் எரிபொருள் நிலையமும் அதோடு ஒட்டிய சிறு கடையும் நடத்தும் என் மாமாவுக்குப் போன வருடம் வலது மணிக்கட்டு முறிந்தது. ஏணியில் நின்று பெட்டி இறக்கும்போது விழுந்துவிட்டார். சத்திரசிகிச்சை செய்து தகடு வைத்தார்கள். எலும்பு பொருந்திவிட்டது, நரம்புதான் முழுதாகத் திரும்பவில்லை. மணிக்கட்டின் ஒடுங்கிய பாதை வழியாக உள்ளங்கைக்குப் போகும் மீடியன் நரம்பு நசுங்கினால் பெருவிரல், ஆட்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலின் பாதி ஆகியவை மரத்துப்போகும். சட்டைப் பொத்தான் போட மாமி உதவ வேண்டியிருக்கிறது.

நான் அங்கு போயிருந்த வாரத்தில் பக்கத்துத் தெருக் கடையொன்றில் இரவுக் கொள்ளை நடந்தது. அடுத்த நாள் காலை மாமா தேநீரைக் குடித்து முடிக்காமலே சொன்னார்: "பிள்ளை, ஒரு துவக்கு வாங்கப் போறன். வாறியோ?"

சோதனைச் சாவடிகளில் டி-56 துப்பாக்கிகளுக்கு முன்னால் அடையாள அட்டையை நீட்டி வளர்ந்தவள் நான். துவக்கு வாங்குவதைச் சீனி வாங்குவதுபோல ஒருவர் சொல்லக் கேட்டது அதுவே முதல் தடவை. இலங்கையில் 1916ஆம் ஆண்டின் துப்பாக்கிகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் இல்லாமல் ஒரு வேட்டைத் துவக்கைக்கூட வைத்திருக்க முடியாது. டெக்ஸாஸில் கைத்துப்பாக்கி வாங்க அனுமதிப்பத்திரமும் வேண்டாம், காத்திருப்புக் காலமும் இல்லை. கடையில் 4473 என்ற படிவத்தை நிரப்ப வேண்டும், சமஷ்டி அரசின் பின்னணிச் சோதனையில் தேற வேண்டும், அவ்வளவுதான். 2021 செப்டெம்பரிலிருந்து, சட்டப்படி தடையில்லாத 21 வயதுக்கு மேற்பட்டவர் அதை இடுப்பில் கொண்டு திரியவும் தனி அனுமதி தேவையில்லை.

மாமா அந்நாட்டுக் குடிமகன் என்பதால் அவருக்குப் பிரச்சினை இல்லை. ஆனால் என்னைப்போலச் சுற்றுலா விசாவில் வந்தவர் துப்பாக்கியைத் தன் வசம் வைத்திருப்பது, வேட்டை அனுமதிப்பத்திரம் போன்ற சில விதிவிலக்குகள் தவிர, அதே நாட்டில் சமஷ்டிக் குற்றம். ஆகவே கடையில் நின்ற இரண்டு மணித்தியாலமும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டே நின்றேன். தொடாமல் நின்றதால் நிறையப் பார்க்க முடிந்தது.

கை பலவீனம் என்றதும் கடைக்காரர் பிஸ்டலை ஒதுக்கிவிட்டு ரிவோல்வரை எடுத்ததற்குக் காரணம் உண்டு. பிஸ்டலில் முதல் ரவையை உள்ளே ஏற்ற, மேற்பகுதியை ஒரு கையால் இறுகப் பிடித்துப் பின்னால் இழுத்துவிட வேண்டும். உள்ளிருக்கும் ஸ்பிரிங் கெட்டியானது. சுடும்போதும் மணிக்கட்டு உறுதியாக நிற்காவிட்டால் அந்த மேற்பகுதி முழுத் தூரம் பின்னால் போகாமல், வெற்றுக்கோது சிக்கிக்கொள்ளலாம். ரிவோல்வருக்கு இந்தத் தொல்லை இல்லை. ரவைகள் சிலிண்டரில் இருக்கின்றன, விசையை இழுத்தால் சிலிண்டர் சுழன்று அடுத்த ரவை நேரே வருகிறது. பிடி தளர்ந்திருந்தாலும் அது வேலை செய்யும். ஒரு ரவை வெடிக்காவிட்டால் மறுபடி விசையை இழுத்தால் போதும்.

ஆனால் அவர் முதலில் எடுத்து வைத்த ரிவோல்வர் மாமாவுக்குப் பொருந்தாதது. அலுமினியக் கலவையில் செய்த, உள்ளங்கையில் மறைந்துவிடும் ஸ்மித் அன்ட் வெஸ்ஸன் 642. ஐந்து ரவை, ஏறக்குறைய 410 கிறாம். "லேசானது, நோகாது" என்றார். இதே ஆலோசனையைப் பெண்களுக்கும் முதியவர்களுக்கும் அங்கு வழக்கமாகக் கொடுக்கிறார்களாம்.

லேசான துப்பாக்கிதான் அதிகம் நோகப்பண்ணும். ரவை முன்னால் போகும் உந்தம் எவ்வளவோ அதே உந்தம் துப்பாக்கியைப் பின்னால் தள்ளுகிறது. பாடசாலையில் படித்த நியூட்டனின் மூன்றாம் விதிதான். எடை பாதியானால் பின்னால் வரும் வேகம் இரட்டிப்பாகும், கையில் விழும் சக்தியும் இரட்டிப்பாகும். ஒரே .38 ஸ்பெஷல் ரவையை 410 கிறாம் துப்பாக்கியில் சுடுவதற்கும், ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைந்த உருக்குத் துப்பாக்கியில் சுடுவதற்கும் உள்ள வித்தியாசம் அது. தகடு வைத்த மணிக்கட்டுக்கு எது நல்லதென்று விளங்கப்படுத்தத் தேவையில்லை. சிறிய துப்பாக்கிகள் சட்டைப் பைக்குள் வைத்துத் திரிவதற்காகச் செய்யப்பட்டவை. கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் வைக்கப்போகும் மனிதருக்கு லேசு எதற்கு?

இரண்டாவது சிக்கல் விசை. அந்தச் சிறிய ரிவோல்வரின் விசையை இழுக்க ஏறக்குறைய 12 இறாத்தல் விசை வேண்டும், அதாவது ஐந்து கிலோவுக்கு மேல். துப்பாக்கியின் எடையோ அரைக் கிலோகூட இல்லை. தன் எடையைவிடப் பன்னிரண்டு மடங்குக்கு மேலான இழுவையில் அதை ஆடாமல் பிடித்திருப்பது மிச்ச மூன்று விரல்களும் உள்ளங்கையும்தான். பிடி பலவீனமென்றால் விசை பின்னால் வருவதற்குப் பதில் குழல் கீழே சாயும். கை சிகிச்சை நிபுணர் மாமாவின் பிடிவலுவை அளந்து வைத்திருந்தார்: இடது கை 30 கிலோ, வலது கை 11. கடைக்காரர் கேட்டிருக்க வேண்டிய முதற் கேள்வி அந்த எண்தான். கேட்கவில்லை.

இங்கேதான் மாமாவுக்கு ஒரு யோசனை வந்தது. பின்பக்கம் குதிரை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இன்னொரு ரிவோல்வரைக் காட்டச் சொன்னார். குதிரையைப் பெருவிரலால் பின்னால் இழுத்து நிறுத்திவிட்டால் விசை மூன்று, நான்கு இறாத்தலுக்கு இறங்கிவிடும். அந்தப் படங்களில் கௌபோய்கள் செய்வதும் அதுதான். கடைக்காரர் சிலிண்டரைத் திறந்து எல்லா அறைகளும் வெறுமை என்று காட்டி, மறுபடி மூடிக் கொடுத்தார். மாமா இடது பெருவிரலால் குதிரையை இழுத்து நிறுத்தி, வலது கையில் துப்பாக்கியைச் சுவர்ப்பக்கம் நீட்டினார். இன்னும் குறிபார்க்கத் தொடங்கவில்லை.

'க்ளிக்' என்றது.

கடைக்காரர் துப்பாக்கியை மெதுவாகத் தன் பக்கம் வாங்கிக்கொண்டு, "சேர், உங்கள் விரல் விசையில் இருந்தது" என்றார்.

மாமா என்னைப் பார்த்தார். "உள்ளுக்கையோ இருந்தது? எனக்கு வெளியில எண்டெல்லோ இருந்தது."

அவர் பொய் சொல்லவில்லை. ஆட்காட்டி விரல் எங்கே இருக்கிறதென்று அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை. துப்பாக்கி பழக்குபவர்கள் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடமே, சுடுவதென்று முடிவெடுக்கும்வரை விரல் விசைக்கு வெளியே இருக்க வேண்டும் என்பது. விசையைத் தொடுகிறோமா என்று உணராத விரலால் அந்த விதியைக் கடைப்பிடிக்க ஏலாது. கடையிலே அது வெறும் துப்பாக்கி. இரவு இரண்டு மணிக்கு, கதவைத் தள்ளிக்கொண்டு ஓடிவருபவன் கொள்ளைக்காரனா, மழைக்கு ஒதுங்கும் பாண் விநியோகக்காரப் பொடியனா என்று பார்க்கும் நொடியில் அது வெறுமையாக இருக்காது.

நீண்ட, கனமான அந்த இழுவை காயப்பட்ட கைக்குத் தொல்லை என்றுதான் அதுவரை நானும் நினைத்திருந்தேன். பெரும்பாலான ரிவோல்வர்களில் தனியாகத் தள்ளிவிடும் பாதுகாப்புப் பூட்டு கிடையாது. அந்த இழுவைதான் பூட்டு. நியூயோர்க், லொஸ் ஏஞ்சலிஸ் பொலிஸார் தங்கள் ரிவோல்வர்களைக் குதிரையை நிறுத்தவே முடியாதபடி மாற்றியமைத்ததும் இதற்காகத்தான். பதற்றத்தில் மூன்று இறாத்தல் விசை தானாகவே இழுபட்டுவிடும். ஸ்பிரிங்கை இளக்கி விசையை லேசாக்கித் தர ஆட்கள் இருக்கிறார்கள். அதிகம் இளக்கினால் குதிரை ரவையின் அடியைப் போதிய வேகத்தில் அடிக்காது, ரவை வெடிக்காமல் போகலாம்.

ரவையைச் சிறிதாக்கலாம். முதலாம் உலகப் போருக்குப் பிறகு பிரித்தானிய இராணுவம் .455 ரிவோல்வரைக் கைவிட்டு .38க்கு இறங்கியது இந்தக் காரணத்துக்காகத்தான். குறைந்த பயிற்சி பெற்ற சிப்பாய்களால் பெரியதன் உதைப்பைச் சமாளிக்க முடியவில்லை. இன்று அதே தர்க்கத்தில் .32 மெக்னம் ரவை சிறிய ரிவோல்வர்களில் திரும்ப வந்திருக்கிறது. உதைப்புக் குறைவு, ஐந்துக்குப் பதில் ஆறு ரவை கொள்ளும். .22 இன்னும் சாது, ஆனால் அதன் ரவை அடிவிளிம்பில் பலமாக அடித்தால்தான் வெடிக்கும் என்பதால் .22 ரிவோல்வர்களின் விசை பெரும்பாலும் கூடக் கனமாக இருக்கும். கை பலவீனமானவருக்கு .22 என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்பவர்கள் இதைச் சொல்வதில்லை. மேற்பகுதியை இலகுவாக இழுக்கக்கூடிய பிஸ்டல்களும் இப்போது உண்டு. 2018இல் வந்த .380 ஷீல்ட் ஈஸி அப்படிப்பட்டது. அதன் விசை ரிவோல்வரினதைவிட மிக லேசு என்பதால் உணர்ச்சியில்லாத விரலுக்கு அதுவும் உதவாது.

மாமா கொஞ்ச நேரம் கண்ணாடி மேசையில் கையூன்றி நின்றார். பிறகு, "இடக்கைக்கு என்ன கிடக்கு?" என்று கேட்டார்.

அங்கிருந்து தெரிவு சுலபமானது. கடைக்காரரும் விற்பனைக் குரலை விட்டுவிட்டுக் கதைக்கத் தொடங்கினார். பழைய ஸ்மித் அன்ட் வெஸ்ஸன் மொடல் 10 ஒன்றை உள்ளிருந்து கொண்டுவந்தார். நான்கு அங்குலக் குழல், ஆறு ரவை, உருக்கு, ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. 1899இல் தொடங்கிய இந்த வகையில் 60 இலட்சத்துக்கு மேல் செய்திருக்கிறார்கள். அமெரிக்கப் பொலிஸார் தலைமுறை தலைமுறையாகச் சுமந்தது இதைத்தான். விசை கனமே, ஆனால் சிறியதைவிடச் சீராக வருகிறது. இறப்பர்ப் பிடி உள்ளங்கையை நிரப்புகிறது. நீண்ட குழலில் வெற்றுக்கோதுகளைத் தள்ளும் கம்பியும் நீளமாக இருக்கும். குட்டைக் குழலில் கோதுகள் பாதியில் நின்றுவிடுவதால் கம்பியை உள்ளங்கையால் ஓங்கி அடிக்க வேண்டும், அதை மாமாவின் வலது கை தாங்காது.

ஒரு குறை: சிலிண்டரைத் திறக்கும் பொத்தான் இடது பக்கத்தில், வலக்கைப் பெருவிரலுக்கு ஏற்றபடி இருக்கிறது. றூகர் வகையில் அதை உள்நோக்கி அழுத்துவதால் இடக்கை ஆட்காட்டி விரலுக்கு ஓரளவு வசதி. மாமா இரண்டையும் பத்துத் தடவை திறந்து மூடிப் பார்த்துவிட்டுப் பழையதையே எடுத்தார். விலையும் ஒரு காரணம்.

குண்டு பற்றிக் கடைசிவரை பேசாமல் இருந்த மாமி, வீட்டுக்கு வந்ததும் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: இலக்கப் பூட்டுள்ள உருக்குப் பெட்டி இல்லாமல் அது கடைக்குள் வரக்கூடாது. மாமியின் பயம் கொள்ளைக்காரனைப் பற்றியதல்ல. அமெரிக்காவில் துப்பாக்கியால் இறப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தற்கொலை செய்துகொண்டவர்கள். வேலை செய்ய வரும் பொடியன்களுக்குப் பத்தொன்பது, இருபது வயது. பெட்டியின் பொத்தான்களை இடக்கையால் அமுக்கித் திறக்க முடிகிறதா என்பதையும் பார்த்துத்தான் வாங்கினோம்.

அதில் இன்னும் உண்மையான ரவை ஏறவில்லை. இடக்கை ஒரு பரீட்சையில் தேற வேண்டும். சிலிண்டரில் பயிற்சிக்கான போலி ரவைகளை மட்டும் போட்டு, பின்னறையின் கொங்கிறீட் சுவரை நோக்கி நின்று, குழலின் நுனியில் வலது கையால் ஒரு நாணயத்தை வைப்பார். பிறகு விசையை இழுப்பார். நாணயம் விழாமல் பத்துத் தடவை இழுத்தால்தான் சுடுதளத்துக்குக் கூட்டிப்போவேன் என்று பயிற்றுநர் சொல்லியிருக்கிறார். நான் கிளம்பிய நாளில் நான்காவது தடவையில் விழுந்தது. போன கிழமை வட்ஸ்அப்பில் மாமியின் குரல் பதிவு வந்தது. பின்னால் நாணயம் தரையில் உருளும் சத்தம். "ஏழு," என்கிறா மாமி. "திரும்ப வையுங்கோ."