எட்டு மாதச் சம்பளத்தில் வந்த டீவி

1991 தைப்பொங்கலுக்கு இரண்டு நாட்களுக்கு முன்னர் எங்கள் வீட்டுக்கு முதலாவது தொலைக்காட்சிப் பெட்டி வந்தது. கொழும்பு கோட்டையிலிருந்து ஹட்டன் வரை கோச்சியில் அக்காவின் மடியிலும், ஹட்டனிலிருந்து நோர்வூட் வரை பஸ்ஸில் அப்பாவின் மடியிலும், அங்கிருந்து தோட்டம் வரை அப்பாவின் தலையிலுமாக அது வந்து சேர்ந்தது. பழைய படுக்கை விரிப்பால் சுற்றிக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். பதினான்கு அங்குலம், கறுப்பு வெள்ளை. எனக்கு அப்போது பத்து வயது.

எங்கள் லயத்தில் பன்னிரண்டு காம்பராக்கள் இருந்தன. பன்னிரண்டிலும் மின்சாரம் இல்லை. ஆனாலும் அன்று பின்னேரம் பன்னிரண்டு வீட்டுப் பிள்ளைகளும் எங்கள் இஸ்தோப்பில்தான் நின்றார்கள்.

முதலாவது டீவி பற்றிய நினைவுகளைப் பலர் இனிமையாக எழுதியிருக்கிறார்கள். எனக்கும் அந்த இனிமை உண்டு. ஆனால் அந்தப் பெட்டி எதில் ஓடியது, எந்தச் சல்லியில் வந்தது, யாரைக் காட்டியது என்று கேட்டுப் பார்த்தால், மலையகத் தோட்டங்களின் ஒரு காலமே அதற்குள் இருக்கிறது.

மலையுச்சியில் கோபுரம், லயத்தில் குப்பி லாம்பு

இலங்கையில் தொலைக்காட்சி ஒளிபரப்பு 1979 ஏப்ரல் 13ஆம் திகதி தொடங்கியது. சுயாதீன தொலைக்காட்சி என்று இன்று நாம் அறியும் அலைவரிசை அது. அப்போது அது கொழும்பையும் சுற்றுப்புறத்தையும் தாண்டி எட்டவில்லை. நாடு முழுவதற்குமான ஒளிபரப்பு, ஜப்பான் அரசின் உதவியுடன் அமைக்கப்பட்ட ரூபவாஹினியோடு 1982 பெப்ரவரி 15ஆம் திகதி ஆரம்பமானது.

தொலைக்காட்சி அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் செல்பவை. வழியில் மலை நின்றால் அதற்குப் பின்னால் படம் மங்கும். எனவே நாட்டின் பெரும்பகுதிக்குப் படம் அனுப்ப உயரமான இடம் வேண்டும். நுவரெலியா நகருக்கு மேலே, 2,524 மீற்றர் உயரத்தில் நிற்கும் பீதுருதாலகாலை மலையே இலங்கையின் ஆக உயர்ந்த இடம். கோபுரம் அங்கே எழுந்தது. தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவில் நிற்கும் மலையிலிருந்து கொழும்பின் வரவேற்பறைகளுக்குப் படம் போனது.

மின்சாரத்தின் கதையும் இதுதான். லக்சபான மின்நிலையம் 1950இல் இயங்கத் தொடங்கியது. 1960களில் காசல்ரீ, மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கங்கள் எங்கள் பகுதியில் கட்டப்பட்டன. தேயிலை மலைகள் நீருக்குள் போயின. பழைய மஸ்கெலியா நகரமும் மூழ்கியது. கடும் வரட்சியில் நீர் வற்றும்போது அங்கிருந்த கோயில் இன்றும் வெளியே தெரியும். அந்த நீரில் பிறந்த மின்சாரம் எங்கள் தலைக்கு மேலே கம்பிகளில் போய்க்கொண்டிருந்தது. தோட்டத்தில் அது தொழிற்சாலைக்கும், துரையின் பங்களாவுக்கும், உத்தியோகத்தர் வீடுகளுக்கும் இறங்கியது. லயத்துக்கு இறங்கவில்லை.

காரணம் எளிமையானது. லயக் காம்பராக்கள் தோட்டத்துக்குச் சொந்தம். மூன்று தலைமுறையாக அதே காம்பராவில் வாழ்ந்தாலும் அப்பாவின் பெயரில் ஒரு துண்டுக் காகிதமும் கிடையாது. தன் பெயரில் வீடில்லாதவர் மின் இணைப்புக்கு எப்படி விண்ணப்பிப்பார்?

டீவியைத் தவணைக்கு வாங்கும் வழியும் எங்களுக்கு அடைபட்டிருந்தது. அதற்கு அடையாள அட்டையும் பிணையாளரும் வேண்டும். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கிய மக்களில் பலருக்கு, ரூபவாஹினி தொடங்கிய 1982இலும் குடியுரிமை இல்லை. அப்பாவும் அவர்களில் ஒருவர். 1988ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின்னர்தான் அவருடைய விடயம் தீர்ந்தது. அடையாள அட்டை கைக்கு வர இன்னும் சில வருடங்கள் ஆயின.

பெட்டரியும் மூங்கில் கம்பும்

எங்கள் டீவி 12 வோல்ட் பெட்டரியில் ஓடியது. லொறிச் சாரதி ஒருவர் கழித்துப்போட்ட பெட்டரியை அப்பா வாங்கினார். வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் யுத்த காலத்தில் வாழ்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைச் சுழற்றி, டைனமோவில் வானொலி கேட்டவர்கள் நீங்கள்.

சிறிய கறுப்பு வெள்ளை டீவி ஏறத்தாழ ஒன்றரை அம்பியர் மின்னோட்டத்தை எடுக்கும். 60 அம்பியர்-மணி கொண்ட புதிய பெட்டரி, கணக்குப்படி, முப்பது நாற்பது மணித்தியாலம் அதை ஓட்ட வேண்டும். எங்களுடையது ஏழு மணித்தியாலத்தைத் தாண்டியதில்லை. வாகன பெட்டரி இஞ்சினை முடுக்கிவிடச் சில விநாடிகள் பெரிய மின்னோட்டம் கொடுப்பதற்காகச் செய்யப்பட்டது. ஓடும் வாகனம் அதை உடனே திரும்ப நிரப்பிவிடும். டீவிக்கு வைத்து அடிமட்டம் வரை வடியவிட்டு, சார்ஜ் செய்யாமல் இரண்டு மூன்று நாள் போட்டால், உள்ளிருக்கும் ஈயத் தகடுகளில் உப்பு இறுகிவிடும். அதன் பிறகு எவ்வளவு நேரம் சார்ஜ் ஏற்றினாலும் கொள்ளளவு குறைந்துகொண்டே போகும்.

இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்த விஞ்ஞானம். அன்று தெரிந்தது, அதைச் சாக்கில் போட்டுத் தோளில் சுமந்து நோர்வூட் கடைக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது மட்டும்தான். அப்பா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். சிந்திய அசிட் துளிகள் என் பாடசாலைச் சேர்ட்டில் சின்னச் சின்னத் துளைகளாயின. கூரைத் தகரத்துக்கு மேலே மூங்கில் கம்பில் அன்டெனா கட்டினோம். கோபுரம் இருந்த மலை அதிக தூரமில்லை. ஆனால் இடையில் வேறு மலைகள். அவற்றில் பட்டுத் திரும்பும் அலை சற்றுப் பிந்தி வந்ததால், ஒவ்வொரு மனிதருக்கும் பக்கத்தில் ஒரு நிழல் மனிதர் நின்றார். காற்றடிக்கும் இரவுகளில் ஒருவர் வெளியே நின்று கம்பைப் பிடித்துக்கொள்வார். மற்றவர்கள் உள்ளிருந்து, "வந்துருச்சு, வந்துருச்சு, அப்படியே புடி" என்று கத்துவோம்.

சார்ஜ் செய்யும் காசை லயத்தில் உள்ளவர்கள் பங்கு போட்டுக் கொடுத்தார்கள். கொடுக்க முடியாதவர்களும் வந்து பார்த்தார்கள். அப்பா யாரையும் திருப்பி அனுப்பியதில்லை.

அக்காவின் கணக்கு

அக்கா பதின்மூன்று வயதில் கொழும்பில் ஒரு வீட்டுக்கு வேலைக்குப் போனார். அந்தக் காலத்தில் எங்கள் தோட்டத்தில் ஏறத்தாழ ஒவ்வொரு லயத்திலிருந்தும் ஒரு பிள்ளையாவது அப்படிப் போயிருந்தது. சமையல், துணி துவைத்தல், குழந்தை பார்த்தல். மாதச் சம்பளம் 350 ரூபாய் வரை உயர்ந்திருந்தது. அது மணியோடராக வீட்டுக்கு வரும்.

1990 மே மாதத்திலிருந்து மணியோடர் நின்றது. ஜூனில் வடக்கில் மீண்டும் யுத்தம் தொடங்கியதால் தபால் குழம்பிவிட்டதாக அப்பா நினைத்தார். தீபாவளிக்கு அம்மா தோட்டை அடகு வைத்தார். தை மாதம் அக்கா டீவியோடு வந்து இறங்கியபோதுதான் விடயம் தெரிந்தது. அந்த வீட்டார் கலர் டீவி வாங்கியிருந்தார்கள். பழையதற்கு 2,800 ரூபாய் விலை போட்டு, அக்காவின் எட்டு மாதச் சம்பளத்தில் கழித்துக்கொண்டார்கள்.

அப்பா கோபப்பட்டார். அக்கா சொன்னது இவ்வளவுதான்: "நான்தாம்ப்பா கேட்டேன். அந்த வூட்டுப் புள்ளைங்க அதப் பாத்துத்தான் இங்கிலீசு பேசுதுங்க. தம்பி இந்த வருசம் ஸ்கொலர்சிப் எழுதுறானே."

முதல் நாள் டீவி ஓடியபோது, வீட்டில் இருந்த ஒரேயொரு கதிரையை அப்பா அக்காவுக்குப் போட்டார். "மேல உக்காரு புள்ள, உன் டீவிதானே" என்றார். அக்கா சிரித்துவிட்டு, குசினி வாசலில், தரையில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். ஐந்து வருடங்களாக அவர் டீவி பார்த்த இடம் அதுதான் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை. கதிரை கடைசி வரை காலியாகக் கிடந்தது. பொங்கல் முடிந்து மூன்றாம் நாள் அவர் கொழும்புக்குத் திரும்பினார்.

நான் அந்தப் புலமைப்பரிசில் பரீட்சையில் சித்தியடையவில்லை. டீவி பார்த்ததால்தான் என்று அம்மா பல வருடங்கள் சொல்லிக்கொண்டிருந்தார்.

திரையில் யார் இருந்தார்கள்?

எங்களுக்குக் கிடைத்தவற்றில் அதிகம் சிங்கள நிகழ்ச்சிகள். பக்ஸ் பனியை 'ஹா ஹா ஹரி ஹாவா' என்ற சிங்களப் பெயரில்தான் எனக்குத் தெரியும். இன்று நான் பேசும் சிங்களத்தின் பாதி அந்த முயல் சொல்லித் தந்தது. தமிழ்ச் செய்திக்கும், எப்போதாவது வரும் தமிழ்ப் படத்துக்கும் பெட்டரியைச் சேமித்து வைப்போம். அவற்றில் எதிலும் கொழுந்துக்கூடை சுமந்த பெண் பேசி நான் பார்த்ததில்லை. தேயிலை விளம்பரத்தில் அவள் சிரிப்பாள், அவ்வளவுதான்.

அப்பா டீவி பார்த்ததற்கு வேறொரு காரணமும் இருந்தது. 1977 வன்செயலுக்குப் பின்னர் மலையகத்திலிருந்து பல குடும்பங்கள் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்க் குடியேறின. என் சித்தப்பாவும் அப்படிப் போனவர். 1990 ஜூனோடு அவருடைய கடிதங்கள் நின்றன. அடுத்த மாதம் கொக்காவில் இராணுவ முகாம் வீழ்ந்தது. வடக்குக்கு ரூபவாஹினியை அனுப்பிய கோபுரம் அங்கேதான் இருந்தது. 2011 ஜூனில் புதிய கோபுரம் திறக்கப்படும் வரை அந்த இடத்திலிருந்து ஒளிபரப்பு இல்லை. ஆக, பீதுருதாலகாலையின் கீழே நாங்கள் யுத்தச் செய்தி பார்த்தோம். அந்தச் செய்திக்குள் இருந்தவர்களுக்கு அது தெரியாது. செய்தியில் எண்ணிக்கை வரும், ஆகாயத்திலிருந்து எடுத்த மரங்கள் வரும், புகை வரும். மனிதர்களின் முகம் வருவது அபூர்வம். அப்பா குனிந்து தேடுவார்.

1996 ஜனவரி 31ஆம் திகதி மத்திய வங்கியில் குண்டு வெடித்தது. அன்றிரவு எங்கள் கறுப்பு வெள்ளைத் திரையில் கொழும்பு எரிந்தது. அக்கா அந்த நகரத்தில்தான் இருந்தார். அவர் வாங்கித் தந்த பெட்டி அந்த நகரத்தை எங்களுக்குக் காட்டியது. அவர் உயிரோடு இருக்கிறாரா என்பதைக் காட்டவில்லை. கடிதம் வர ஆறு நாட்கள் ஆயின.

ஆறு வாரம் கழித்து, மார்ச் 17 ஞாயிற்றுக்கிழமை, லாகூரில் உலகக் கிண்ண இறுதிப் போட்டி. லயமே எங்கள் காம்பராவில் நெருக்கியடித்தது. கண்டியில் பிறந்த முத்தையா முரளிதரன் பந்து வீச வந்தபோது கிழவர்கள் எழுந்து நின்றார்கள். அவருடைய பாட்டனும் இந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்தவர் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எங்கள் டீவியில் நாங்கள் எங்களைக் கண்ட ஒரு நாள் அது.

2002 சமாதான காலத்தில் ஏ9 பாதை திறந்ததும் சித்தப்பா வந்தார். பழைய டீவியைத் தடவிப் பார்த்துவிட்டு, "இதுல எங்கள காட்டுனாங்களாண்ணே?" என்று கேட்டார். அப்பா, "தேடுனேன்டா" என்றார். வேறெதுவும் சொல்லவில்லை.

2009 ஏப்ரலில் புதுமாத்தளனிலிருந்து மக்கள் வெளியேறுவதை ஆகாயத்திலிருந்து எடுத்துக் காட்டினார்கள். அப்போது எங்கள் லயத்துக்கு மின்சாரம் வந்து பத்து வருடமாகியிருந்தது, டீவியும் கலர். அப்பா திரைக்குக் கிட்டப் போய் உட்கார்ந்து, நகரும் புள்ளிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். சித்தியும் இளைய மகனும் மெனிக் பாம் முகாமுக்கு வந்து சேர்ந்தார்கள். சித்தப்பா வரவில்லை.

கூரைமேல் டிஷ்

இப்போது லயங்களின் தகரக் கூரைகளில் டிஷ் அன்டெனாக்கள் நிறைய இருக்கின்றன. நுவரெலியாவுக்கு உல்லாசப் பயணம் வருபவர்கள் அவற்றைப் படம் பிடிக்கிறார்கள். சம்பள உயர்வுப் போராட்டம் நடக்கும் ஒவ்வொரு முறையும், "டிஷ் பூட்டச் சல்லி இருக்குது, சம்பளம் மட்டும் போதாதாம்" என்று யாராவது சொல்வதும் எங்கள் காதில் விழுகிறது. அந்தக் கூரைக்குக் கீழே பல இடங்களில் இன்னும் அதே பழைய காம்பராதான். வீட்டுக்கு இன்னும் உறுதி இல்லை. டிஷ் வாங்கிய காசை அனுப்பிய பிள்ளை கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறது, அல்லது மத்திய கிழக்கில் ஒரு குசினியில் நிற்கிறது.

அக்காவுக்கு இப்போது ஐம்பது வயது கடந்துவிட்டது. தோட்டத்துக்கே திரும்பி வந்து, பக்கத்து டிவிசனில் வாழ்கிறார். இந்தக் கட்டுரைக்காக, அந்த டீவி என்ன விலை என்று அவரிடம் கேட்டேன். ரூபாய்க் கணக்கு அவருக்கு மறந்துபோயிருந்தது.

"எட்டு மாசம்" என்றார்.