கச்சான் கடை

நல்லூர்த் தேர் பார்த்துத் திரும்பும் யாழ்ப்பாணத்தவன் கையிலே திருநீற்றுச் சரையோடு கச்சான் சரையும் இருக்கும். வெறுங்கையுடன் வீடு புகுவோனைப் பிள்ளைகள் மன்னியார். தமிழகத்தார் நிலக்கடலை என்பதையே நாம் கச்சான் என்கிறோம். தென்னமெரிக்காவிலே பிறந்த இப்பயிர் நம் கோயில் வீதிகளிற் பெற்றுவிட்ட உரிமை வியப்புக்குரியது.

அவ்வுரிமையைக் காத்து வருவோர் வீதியோரத்திலே சாக்கு விரித்து அமரும் பெண்களே. அவர்கள் நிலையான வணிகரல்லர். வைகாசியில் வற்றாப்பளை, ஆனியில் நயினாதீவு, ஆடி ஆவணியில் 25 நாள் நல்லூர், புரட்டாதியில் வல்லிபுரம் எனத் திருவிழாக்களின் பின்னே செல்வது அவர்தம் வியாபாரம்.

புதிதாய் இறங்குபவளுக்கு வேண்டிய தளவாடம் சில: இரும்புத் தாச்சி, மணல், விறகு, அரிதட்டு, சுளகு, சுண்டு. கோதுக் கச்சானை வெறுந் தாச்சியிலிட்டால் ஒருபுறம் கருகும். மறுபுறம் பச்சையாய் நிற்கும். சூடேறிய மணலோ ஒவ்வொரு கோதையும் சூழ்ந்து வெம்மையைச் சமமாய் ஊட்டுகிறது. கை ஓயாது கிளற வேண்டும். முழுப்பதம் வருமுன்பே இறக்குவது கைதேர்ந்தவர் வழக்கம். இறக்கிய பின்னும் உட்சூடு பருப்பை வறுத்துக்கொண்டேயிருக்கும். ஆறினாலன்றி மொறுமொறுப்பு வாராது. சுடச்சுட வாயிலிட்டுப் பதம் பார்ப்பவள் ஏமாறுவாள்.

வாங்குவது நிறையில், விற்பது அளவில். வறுபடுகையில் ஈரம் நீங்கி நிறை குறையும். பருமனோ அவ்வளவு குறைவதில்லை. கணித ஆசிரியர் வகுப்பில் எடுத்துக்காட்டத்தக்க கணக்கு இது. இன்று பலர் பொதிகளில் நிறுத்து விற்பதால் இவ்வனுகூலம் தேய்ந்து வருகிறது.

மழை வந்தாற் கணக்கு மாறும். வறுத்த கச்சான் ஈரக்காற்றிற் பதம் இழக்கும். நாட்பட்டால் எண்ணெய் கெட்டுக் காறும். பூஞ்சணம் பிடித்தது நஞ்சு, கொட்டிவிட வேண்டியதே. ஆதலால் சனத்தைப் பார்த்துப் பார்த்தே தாச்சியை ஏற்றுகிறார்கள். கடையிடத்துக்குரிய கட்டணமோ சனம் வந்தாலும் வராவிட்டாலும் கட்டப்பட வேண்டியது.

முதல் எங்கிருந்து வருகிறது என்பதே தலையாய வினா. 2009இற் போர் முடிந்தபின், பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்கள் மிகுந்த வடபுலத்திலே நுண்கடன் நிறுவனங்கள் பெருகின. அவற்றுட் பலவற்றின் தவணை வாரந்தோறும் வருவது. கச்சான்காரியின் வருவாயோ திருவிழாவுக்குத் திருவிழா வருவது. இடைப்பட்ட வெறும் வாரங்களிலும் தவணைக்காரர் படலையடியில் நிற்பார். அவருக்குக் கொடுக்க இன்னொரு கடன். 2018இல், வறட்சி கண்ட மாவட்டங்களிற் பெண்கள் பெற்ற ஓரிலட்சம் ரூபாய் வரையான நுண்கடன்களைத் தீர்க்க அரசு முன்வந்தமை இந்நிலையின் கடுமைக்குச் சான்று. 2020, 2021ஆம் ஆண்டுகளிலே பெருந்தொற்றினால் திருவிழாக்களும் சுருங்கின. சுயதொழிலின் பெருமையை மேடைகளிற் பேசுவோர், தவணைக்கும் வருவாய்க்கும் நாட்பொருத்தம் பார்ப்பதில்லை என்பது எம் மனக்குறை. கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கும் ஊர் இது!

ஆவணி அமாவாசையில் நல்லூர்த் தீர்த்தம் நிறைவுறும். அதனை அடுத்துச் செல்வச்சந்நிதியிற் கொடி ஏறும். வறுக்காது எஞ்சிய மூட்டையைக் கட்டி, தாச்சியைக் கவிழ்த்து மேலே வைத்து, அவள் தொண்டைமானாற்றுக்கு வண்டி தேடுகிறாள். மணலையும் ஒரு சாக்கிலே அள்ளிக்கொள்கிறாள், பழகிய மணல்.