எந்த வருஷத்து ‘ஹைப்பர்பேலட்’?

சித்தப்பா வந்தால் டீ இரண்டு தடவை போட வேண்டும். முதல் டீ ஊர்க்கதைக்கு. இரண்டாவது, அவர் எதையாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு குடைவதற்கு. போன ஞாயிற்றுக்கிழமை அவர் பிடித்துக்கொண்டது என் போன் பேச்சை.

“காலையில யாரோடடா அவ்வளவு நேரம் சண்டை?”

“சண்டை இல்ல சித்தப்பா. சிநேகிதன்தான். ஒரு பாட்டைப் பத்திப் பேசிட்டிருந்தோம்.”

“ஒரு பாட்டைப் பத்தி ஒன்றரை மணி நேரமா?”

பாடகி ப்யோர்க்கின் ரசிகர்களைக் கேட்டால் ஒன்றரை மணி நேரம் ரொம்பக் குறைவு என்பார்கள். அதை அவரிடம் சொல்லிப் பயனில்லை. பேசாமல் ஸ்பீக்கரில் ‘வீனஸ் ஆஸ் எ பாய்’ போட்டேன். 1993-ல் வந்த ‘டெப்யூ’ ஆல்பத்தில் இருக்கிற பாட்டு. சித்தப்பா டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார். அரை நிமிஷத்தில் புருவம் உயர்ந்தது.

“பொண்ணு வெளிநாடு. ஆனா பின்னால வர்ற வயலின் நம்ம ஊரு வயலினாட்டம் இழையுதே?”

காது என்றால் அது காது. அந்த வயலின்கள் பம்பாயில் பதிவானவை. வாசித்தவர்கள் அங்கே சினிமாவுக்கு வாசிக்கிற கலைஞர்கள். அமைத்துக் கொடுத்தவர் லண்டனில் வளர்ந்த தபலா கலைஞர் தல்வின் சிங். ஐஸ்லாந்துக்காரி லண்டனில் உட்கார்ந்து பாடிய பாட்டுக்கு இந்திப் படத்து வயலின் வந்து சேர்ந்தது இப்படித்தான்.

பெயரைக் கேட்டார். ப்யோர்க் குட்முண்ட்ஸ்டோட்டிர் என்றேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். பயப்பட ஒன்றுமில்லை, நம் இனிஷியல் மாதிரிதான். ‘டோட்டிர்’ என்றால் மகள். குட்முண்டுர் என்பவரின் மகள் ப்யோர்க். அங்கே குடும்பப் பெயர் வைத்துக்கொள்கிறவர்கள் குறைவு. டெலிபோன் டைரக்டரியில்கூடச் சொந்தப் பெயரைத்தான் முதலில் தேடுவார்கள். ப்யோர்க் என்பது பிர்ச் என்கிற ஒரு மரத்தின் பெயர். அப்பா எலெக்ட்ரீஷியன், எலெக்ட்ரீஷியன்கள் சங்கத்துக்குத் தலைவராகவும் இருந்தவர் என்றதும், மின்வாரியத்தில் முப்பது வருஷம் ஓட்டிய சித்தப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். “அட, நம்ம ஆளு பொண்ணா!” அதற்கப்புறம் விளக்குவது எனக்குச் சுலபமாகிவிட்டது.

பிறந்தது 1965, ரெய்க்யவிக். முதல் ஆல்பம் வந்தது 1977-ல், பள்ளிக்கூடம் போகிற வயதில். பிறகு பங்க் குழுக்கள், அதற்கப்புறம் ‘சுகர்க்யூப்ஸ்’. உலகம் அவர் பெயரைக் கேள்விப்பட்டது அந்தக் குழுவால்தான். 1992-ல் அது கலைந்தது, அடுத்த வருஷம் ‘டெப்யூ’. மொத்த ஜனத்தொகையே நாலு லட்சத்தைத் தொடாத நாட்டிலிருந்து வந்தவர். இந்த வரலாற்றையெல்லாம் ரசிகர்கள் அதிகம் பேசுவதில்லை. அவர்கள் பேச்சு வேறு.

அதைப் புரிந்துகொள்ள ஒரு விஷயம் தெரிந்தால் போதும். ஒவ்வொரு ஆல்பத்துக்கும் ப்யோர்க் தனியாக ஒரு மளிகைச் சீட்டு எழுதுவார். இந்தத் தடவை சமையலுக்கு இன்னின்ன சாமான்தான். 1997-ல் வந்த ‘ஹோமோஜெனிக்’குக்கு ஐஸ்லாந்துத் தந்திக் கலைஞர்கள் எட்டுப் பேர், கூடவே மார்க் பெல்லின் மின்னணுத் தாளம். அந்தத் தாளம் எரிமலைக் குழம்பு மாதிரி கரகரவென்று புரளும். 2004-ல் ‘மெடுல்லா’வுக்கு ஏறக்குறைய மனிதத் தொண்டை மட்டும். 2007-ல் ‘வோல்டா’வுக்குப் பித்தளை ஊதுகருவிகள், ஊதுகிறவர்கள் எல்லோரும் பெண்கள். 2017-ல் ‘யூடோபியா’வுக்குப் புல்லாங்குழலும் பறவைக் குரலும். 2022-ல் ‘ஃபோசோரா’வுக்கு பேஸ் கிளாரினெட், கூடவே மண்ணுக்கடியில் காளான் வேர்விடுகிற நினைப்பில் அமைத்த முரட்டுத் தாளம்.

“சரி, ஆளுக்கொரு ஆல்பம் பிடிக்கும். அதுக்கு என்ன சண்டை?”

சண்டையே இனிமேல்தான் ஆரம்பம். மேடையேறும்போது பழைய பாட்டுகளையும் அந்த வருஷத்துச் சாமானை வைத்தே சமைப்பார். புல்லாங்குழல் வருஷமென்றால் பத்து வருஷத்துக்கு முந்தைய பாட்டும் புல்லாங்குழலுக்குள் நுழைந்துதான் வெளியே வரவேண்டும். நம் ஊர் சினிமாப் பாட்டுக் கச்சேரியில் இது நேர்மாறு. இரண்டாவது சரணத்துக்கு முன்னால் வருகிற குழல் ரெக்கார்டில் இருக்கிறபடி வரவில்லையென்றால் நமக்கு வீட்டுக்குப் போகிறவரை மனசு ஆறாது. ப்யோர்க் ரசிகருக்கோ ரெக்கார்டில் இருக்கிறபடியே பாடிவிட்டால் ஏமாற்றம். அதனால் அவர்கள் ‘எந்தப் பாட்டு பிடிக்கும்’ என்று மட்டும் கேட்டுக்கொள்வதில்லை. ‘எந்த வருஷத்துப் பாட்டு’ என்று கேட்டுக்கொள்வார்கள்.

காலையில் நாங்கள் அடித்துக்கொண்டது ‘ஹைப்பர்பேலட்’டுக்காக. 1995-ல் ‘போஸ்ட்’ ஆல்பத்தில் வந்தது. மலை உச்சியில் காதலனோடு குடியிருக்கிற ஒருத்தி. அவன் கண் விழிப்பதற்கு முன்னால் விளிம்புக்குப் போய், கையில் கிடைக்கிற சின்னச் சின்ன சாமான்களைக் கீழே எறிகிறாள். தானே விழுந்தால் எப்படியிருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறாள். பிறகு வீட்டுக்குள் வந்து அவன் பக்கத்தில் நிம்மதியாக இருக்கிறாள். இதுதான் பாட்டு. பிரேசில்காரர் யூமிர் டியோடாட்டோ அமைத்த வயலின்கள் ஒரு பக்கம் மேகம் மாதிரி ஏற, அடியில் மின்னணுத் தாளம் மெதுவாக வந்து கடைசியில் ஆட்டமாகவே மாறிவிடும்.

அடுத்த வருஷமே ‘டெலிகிராம்’ என்கிற ரீமிக்ஸ் தொகுப்பில் அதே பாட்டு ப்ராட்ஸ்கி குவார்டெட்டின் நாலே நாலு தந்திக் கருவிகளோடு வந்தது. தாளம் அறவே இல்லை. அதற்கப்புறம் ‘வோல்டா’ சுற்றுப்பயணத்தில் பாட்டு முடிகிற இடத்தில் எல்எஃப்ஓ குழுவின் ‘ஃப்ரீக்’கை ஒட்டிவைத்தார், மலை உச்சியில் நின்றுகொண்டிருந்தவள் நேராக நடன அரங்குக்குள் குதித்த கதை. 2021-ல் ரெய்க்யவிக்கின் ஹார்ப்பா அரங்கில், முழுத் தந்திக் குழுவோடு, மறுபடி தாளமில்லாமல். சிநேகிதன் தாளமில்லாத கட்சி. அந்தப் பெண்ணின் பயம் அப்போதுதான் தெரிகிறதாம். எனக்குத் தாளம் வேண்டும். எறிந்துவிட்டுத் திரும்பி வருகிறவளுக்கு இதயம் அடிக்காதா?

இதைவிட ருசியான வழக்கு ‘ஆல் இஸ் ஃபுல் ஆஃப் லவ்’. ‘ஹோமோஜெனிக்’கின் கடைசிப் பாட்டு. ஆல்பத்தில் இருப்பது ஹோவி பி பண்ணிய ரீமிக்ஸ்; தாளமே இல்லாமல் பனி உருகுகிற மாதிரி போகும். 1999-ல் கிறிஸ் கன்னிங்ஹாம் எடுத்த வீடியோவில், இரண்டு ரோபோக்கள் முத்தமிட்டுக்கொள்ளுமே, அதில் ஒலிப்பதுதான் மூலப் பாட்டு. ஆக, ஆல்பத்தை முதலில் கேட்டவர்களுக்கு ரீமிக்ஸே மூலம். வீடியோவை முதலில் பார்த்தவர்களுக்கு மூலமே மூலம். எந்த வழியாக உள்ளே வந்தாய் என்பதைப் பொறுத்தது எது அசல் என்பது. இந்த வழக்கு இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாக நடக்கிறது. தீர்ப்பு வராது, வரவும் கூடாது.

மேடையைப் பற்றிக் கேட்டார். இரண்டாவது டீ அப்போதுதான் வந்தது.

2001-ல் ‘வெஸ்பர்டைன்’. வீட்டுக்குள் முடங்கிக் கேட்கிற ஆல்பம். இணையத்தில் பாட்டை இறக்கி, மடிக்கணினியின் சின்ன ஸ்பீக்கரில் கேட்கப் போகிறார்கள் என்று தெரிந்தே, சுருங்கினாலும் அழகு கெடாத கருவிகளாகத் தேர்ந்தெடுத்தார்: ஹார்ப், செலெஸ்டா, சாவி முடுக்கினால் பாடுகிற மியூசிக் பாக்ஸ். இப்படி முணுமுணுக்கிற இசையை ராக் மைதானத்துக்குக் கொண்டுபோக முடியுமா? ஓபரா அரங்குகளுக்குக் கொண்டுபோனார். பின்னால் கிரீன்லாந்துப் பெண்களின் கோரஸ், பக்கத்தில் ஹார்ப்போடு ஸீனா பார்க்கின்ஸ். ‘மேட்மாஸ்’ என்கிற இரட்டையர் தாளம் போட்டார்கள். லண்டன் ராயல் ஓபரா ஹவுஸ் நிகழ்ச்சி டிவிடியாக வந்திருக்கிறது. அதில் ‘அரோரா’ பாட்டைப் பாருங்கள். ஒரு தட்டில் கல் உப்பைக் கொட்டி, மைக்கைப் பக்கத்தில் வைத்து, அதன்மேல் ஒருவர் அடி எடுத்து வைக்கிறார். நறுக், நறுக். உறைபனியில் யாரோ நடந்து போகிற சத்தம். ஓபராவுக்கென்று கட்டிய மாளிகையில் ஒரு மனுஷன் உப்பை மிதித்துத் தாளம் போடுகிறான், அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்கிறார்கள்.

“கல் உப்பா?” சித்தப்பா சித்தியைப் பார்த்தார். சித்தி கண்டுகொள்ளவில்லை.

2011-ல் ‘பயோஃபிலியா’. ஆல்பமே ஒரு செயலியாக வந்தது. ஒவ்வொரு பாட்டுக்கும் உள்ளே ஒரு விளையாட்டு, ஒரு இயற்கை விதி. பிறகு நியூயார்க் மோமா அருங்காட்சியகம் தன் சேகரிப்பில் சேர்த்துக்கொண்ட முதல் செயலி அதுதான். மேடை நடுவில், சுற்றிலும் ஜனம், இருபத்துச் சொச்சம் ஐஸ்லாந்துப் பெண்களின் கோரஸ். ‘தண்டர்போல்ட்’ பாட்டில் அடிநாதம் வாசிப்பது டெஸ்லா காயில். கூண்டுக்குள் மின்னல் பளீரென்று வெட்டும், அந்த வெட்டுகிற சத்தமே ஸ்வரம். மின்வாரியக்காரருக்கு இதற்குமேல் என்ன வேண்டும்? எர்த்திங் யார் பார்த்தார்கள் என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

எனக்கு அதைவிடப் பிடித்தது புவியீர்ப்பு ஹார்ப். நாலு பெரிய ஊசல்கள். ஒவ்வொன்றின் அடியிலும் தந்திகள் கட்டிய ஓர் உருளை. ஊசல் ஆடிக் கீழே வருகிற நொடியில் ஒரு தந்தி மீட்டப்படும். எந்தத் தந்தி என்பதை உருளை திரும்பித் தீர்மானிக்கும். அவசரப்படுத்த முடியாது. பூமி இழுக்கிற வேகம்தான் லயம், பாடகிதான் அதற்குக் காத்திருந்து பாட வேண்டும். அதைச் செய்தவர் ஆண்டி கவட்டோர்டா.

அடுத்த வருஷம் சில நிகழ்ச்சிகள் ரத்தாயின. குரல் நாணில் கட்டி; லேசர் சிகிச்சை எடுத்துக்கொண்டார். அதற்கு முன் குரல், பின் குரல் என்று ரசிகர்கள் நோயாளியின் சொந்தக்காரர்கள் மாதிரி பேசுவதைக் கேட்டிருக்கிறேன். கொஞ்சம் எரிச்சலாக இருக்கும். ஆனாலும் நானும் அதைத்தான் பேசுகிறேன்.

ரசிகர்களின் குறைகள் என்று எடுத்தால் முதல் குறை ‘மெடுல்லா’. இனுயிட் தொண்டைப் பாடகி தான்யா டகாக், வாயாலேயே தாளம் போடும் ரஹ்ஸேல், பெரிய கோரஸ் என்று அத்தனை பேரைச் சேர்த்துச் செய்துவிட்டு அந்த ஆல்பத்துக்கு மட்டும் சுற்றுப்பயணமே போகவில்லை. அதிலிருந்து ‘ஓஷியானியா’வை 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் தொடக்க விழாவில் பாடினார், அவர் உடையே கடலாக விரிந்து கீழே நின்ற விளையாட்டு வீரர்களின் தலைக்கு மேல் படர்ந்தது. மற்ற பாட்டுகள் வேறு பயணங்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தலைகாட்டின. நடக்காத கச்சேரியைப் பற்றித்தான் ரசிகர்கள் அதிகம் கனவு காண்கிறார்கள்.

2015-ல் ‘வல்னிகுரா’. கலைஞர் மேத்யூ பார்னியோடு இருந்த நீண்ட உறவு முறிந்த கதை. முதல் ஆறு பாட்டுகளுக்கும் பக்கத்தில் கணக்கு எழுதியிருக்கிறார்: பிரிவதற்கு ஒன்பது மாதம் முன்பு, ஐந்து மாதம் முன்பு, பிறகு பிரிந்து இத்தனை மாதம் கழித்து என்று. இரண்டு மாதம் முன்னதாகவே யாரோ கசியவிட்டதால் ஜனவரியிலேயே அவசரமாக வெளியிட வேண்டியதாயிற்று. தந்திகளோடு மேடையேறியவர் ஆகஸ்டில் மீதி நிகழ்ச்சிகளை நிறுத்திவிட்டார். ஊர் ஊராக நின்று அந்தப் பாட்டுகளைத் திரும்பத் திரும்பப் பாடுவது தாங்கக்கூடியதாக இல்லை. டிக்கெட் வாங்கியவர்களுக்கு வருத்தம்தான். ஆனால் ‘பிளாக் லேக்’கைப் பத்து நிமிஷம் முழுசாகக் கேட்டவர்கள் யாரும் அவரைத் திட்டி நான் கேட்டதில்லை.

“இப்பல்லாம் எல்லாத்தையும் போன்ல எடுத்துடறாங்களே. பார்த்துட்டா எது நல்லா இருந்துச்சுன்னு தெரிஞ்சுடப் போகுது.”

அதுதான் இல்லை. படம் எடுக்காதீர்கள் என்று வருகிறவர்களிடம் கேட்டுக்கொள்வார். எதிரே போன் வெளிச்சம் தெரிந்தால் தனக்குக் கவனம் சிதறுகிறது என்பார். 2019-ல் நியூயார்க்கில் தொடங்கிய ‘கார்னுகோபியா’விலும் அப்படித்தான். நாலு பேர் சேர்ந்து ஊதுகிற வட்டப் புல்லாங்குழல், நடுவில் அவர். தண்ணீரில் கவிழ்த்த சுரைக்குடுக்கையைத் தட்டி ஒரு தாளம். எதிரொலிக்கென்றே மேடையில் கட்டிய ஓர் அறை, அதற்குள் நுழைந்து பாடுவார். படமாகத் திரையரங்குக்கு வந்தது 2025-ல். அதுவரை பார்த்தவர்களின் ஞாபகம்தான் பெரும்பாலும் சாட்சி. ஞாபகம் சாட்சியானால் வாய்த்தகராறுக்குக் கேட்கவா வேண்டும்?

சித்தப்பா டம்ளரைக் கவிழ்த்துவிட்டு, “அந்த மலைப் பாட்டு ரெண்டையும் போடு, நான் சொல்றேன்” என்றார். 1995-ஐப் போட்டேன். விரலால் நாற்காலிக் கையில் தாளம் போட்டார். எனக்கு நம்பிக்கை வந்தது. பிறகு ப்ராட்ஸ்கி குவார்டெட். விரல் நின்றுவிட்டது. முடிகிறவரை ஆடவில்லை.

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. காலையில் விட்ட இடத்திலிருந்து தொடரச் சிநேகிதன்தான் கூப்பிட்டான். நான் எடுப்பதற்குள் சித்தப்பா எடுத்துவிட்டார்.

“தம்பி, சித்தப்பா பேசறேன். நீ சொன்னதுதான்ப்பா சரி. இவனுக்கு எதுக்கெடுத்தாலும் கொட்டு வேணும்.”