மாதவரத்துத் தோட்டங்களில் ஊர்வன: எதற்கு அஞ்ச வேண்டும், எதை விட்டுவிட வேண்டும்?

ஐப்பசியில் முதல் கனமழை இறங்கிவிட்டால் மாதவரத்தில் தெருவுக்குத் தெரு ஒரே பேச்சுத்தான். மோட்டார் அறையில் பாம்பு, வாழையடியில் பாம்பு, ஸ்கூட்டர் சீட்டுக்குக் கீழே பாம்பு. ஒருவர் கம்பு தேடி ஓடுவார், ஒருவர் பினாயில் பாட்டிலோடு வருவார், மற்றவர்கள் செல்போனில் வீடியோ எடுப்பார்கள். கடைசியில் அடிபட்டுக் கிடப்பது பெரும்பாலும் தண்ணீர்ப் பாம்பாகவோ சாரைப் பாம்பாகவோ இருக்கும். இரண்டுக்குமே விஷம் கிடையாது.

வட சென்னையில் மாதவரத்துக்கு மட்டும் ஏன் இத்தனை ஊர்வன? நில அமைப்பைப் பார்த்தாலே புரியும். வடமேற்கே புழல் ஏரி, தென்மேற்கே ரெட்டேரி, ஊருக்குள்ளேயே மாதவரம் ஏரி. புழல் நிரம்பினால் உபரி நீர் வடபெரும்பாக்கம், மணலி, சடையங்குப்பம் வழியாக எண்ணூர் முகத்துவாரத்துக்குப் போகிறது. நடுவில் பால்பண்ணையும், 1989-இல் தொடங்கப்பட்ட கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும், தோட்டக்கலைத் துறையின் தாவரவியல் பூங்காவும் மரமும் புல்லுமாக இருக்கின்றன. இன்னொரு பக்கம் ஜி.என்.டி. சாலையில் லாரி நிறுத்தங்கள், சரக்குக் குடோன்கள். குடோன் இருக்கும் இடத்தில் எலி இருக்கும். மழைநீர் வடியாத காலிமனையில் தவளை இருக்கும். வீடு கட்டி மிஞ்சிய செங்கல்லும் பலகையும் மதிலோரம் குவிந்திருக்கும். இரையும் நீரும் ஒளிய இடமும் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கும்போது பாம்பு வேறெங்கே போகும்? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது நடந்ததுபோல வளைகளுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டால், காய்ந்த தரை எங்கே இருக்கிறதோ அங்கே ஏறிவரும். அந்தக் காய்ந்த தரை நம் வீட்டுப் படிக்கட்டு.

பாம்பைவிட அதிகமாக நம் கண்ணில் படுவது ஓணான்தான். பாவம், அதன்மேல் நம் ஊரில் பழி அதிகம். ராமர் தாகத்துக்குக் கேட்டபோது அணில் இளநீர் கொடுத்ததாம், ஓணான் சிறுநீர் கொடுத்ததாம். இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக ஓணானைச் சுருக்குப் போட்டுப் பிடித்தும் கல்லால் அடித்தும் கொன்றிருக்கிறார்கள். இனப்பெருக்கக் காலத்தில் ஆண் ஓணானின் தலையும் தொண்டையும் சிவந்துபோகும். தூரத்திலிருந்தே நம் ரத்தத்தை உறிஞ்சிவிட்டது என்று அதற்கும் ஒரு கதை கட்டினோம். உண்மையில் அது மற்ற ஆண்களை விரட்டவும் பெண்ணை ஈர்க்கவும் காட்டும் நிறம். அது தின்பது எறும்பு, வெட்டுக்கிளி, சில்வண்டு போன்ற பூச்சிகளை. கத்தரிக்கும் வெண்டைக்கும் காசு கொடுத்து மருந்து வாங்கி அடிப்பவர்கள், அந்த வேலையைச் சம்பளமில்லாமல் செய்யும் ஒன்றை அடித்துக் கொல்வதில் எந்த நியாயமும் இல்லை.

ஓணானுக்கு அறிவியல் வரலாற்றிலும் ஓர் இடம் உண்டு. 1802-இல் பிரெஞ்சு விலங்கியலாளர் டோடன் அதற்கு ‘வெர்சிகலர்’ என்று பெயரிட்டார். பல நிறம் காட்டுவது என்று பொருள். ஆசியா முழுவதும் ஏராளமான ஓணான்களுக்கு இதே பெயரைச் சொல்லிவந்ததால் குழப்பம் வந்தது. அதைத் தீர்க்க 2016-இல் இந்திய ஆய்வாளர்கள் புதுச்சேரி ஓணான் ஒன்றையே இந்த இனத்தின் அடையாள மாதிரியாக அறிவித்தார்கள்.

பூந்தொட்டி மண்ணைக் கொட்டிக் கிளறும்போது வெள்ளையாக, நீள்வட்டமாகச் சின்ன முட்டைகள் கிடைத்தால் பாம்பு முட்டை என்று பதற வேண்டாம். ஓணான் பத்து முதல் இருபது முட்டை வரை இளகிய மண்ணில்தான் புதைக்கும். புரட்டாமல் எடுத்து, நிழலான இடத்தில் அதே ஈர மண்ணால் மூடிவிட்டால் போதும்.

அரணையின் கதையும் இப்படித்தான். ‘அரணை கடித்தால் மரணம்’ என்ற பேச்சு இன்றும் இருக்கிறது. பளபளக்கும் உடம்போடு சருகுக்குள் சரசரவென்று ஓடும் அந்தப் பிராணிக்கு விஷப் பல் இல்லை, விஷமும் இல்லை. மனிதரைக் கொல்லும் விஷமுள்ள பல்லி, ஓணான், அரணை எதுவும் இந்தியாவில் கிடையாது. பல்லி விழுந்த சாப்பாடு விஷம் என்பார்கள். அது விஷம் அல்ல, கிருமி. பல்லியின் குடலிலும் எச்சத்திலும் சால்மோனெல்லா போன்ற பாக்டீரியாக்கள் இருக்கக்கூடும். அந்தச் சாப்பாட்டைக் கொட்டிவிட வேண்டியதுதான். சாப்பிட்டவருக்கு வாந்தியோ பேதியோ வந்தால் மருத்துவரிடம் போக வேண்டும்.

ஏரிக்கரைப் புதர்ப் பக்கம் உடும்பும் தென்படலாம். அதைக் கறிக்கென்று பிடிப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உடும்பு இருக்கிறது. கொன்றால் 3 ஆண்டு முதல் 7 ஆண்டு வரை சிறை.

இனி பாம்புகள். நம் தொட்டிச் செடிகளிலேயே குடியிருந்தும் யாரும் பாம்பென்று அறியாத ஒன்றிலிருந்து தொடங்கலாம். அது புழுப்பாம்பு. ஒரு சாண் நீளம்கூட இருக்காது, கறுப்பாக மண்புழு போலவே நெளியும். குளியலறைச் சாக்கடை வழியாக வந்துவிட்டால் உப்பைக் கொட்டிக் கொல்வார்கள். அது தின்பது எறும்பு, கறையான் இவற்றின் முட்டைகளையும் புழுக்களையும். இந்த இனத்தில் ஆணே கிடையாது, எல்லாம் பெண். ஆண் துணையில்லாமல் முட்டையிட்டுப் பெருகுகிறது. அதனால்தான் ஒரே ஒரு தொட்டி மண்ணில் ஒளிந்து கப்பலேறிய ஒன்றுகூடப் புதிய தேசத்தில் ஒரு வம்சத்தைத் தொடங்க முடிந்தது. நர்சரிச் செடிகளோடு பயணம் செய்தே உலகின் வெப்ப நாடுகளில் பெரும்பாலானவற்றுக்கு அது போய்ச் சேர்ந்துவிட்டது.

சாரைப் பாம்பு ஆறடிக்கு மேலும் வளரும். அந்த நீளத்தைப் பார்த்தே பலர் நல்ல பாம்பென்று அடித்துவிடுகிறார்கள். இரண்டு பாம்புகள் பின்னிக்கொண்டு நிமிர்ந்து நிற்பதைக் கண்டால், நல்ல பாம்பும் சாரையும் இணைகின்றன என்று துணி போர்த்திக் கும்பிடும் வழக்கமும் இருக்கிறது. அவை இரண்டும் சாரைதான், அதிலும் இரண்டும் ஆண்கள். பெண்ணுக்காக ஒன்றையொன்று தரையில் அழுத்தி மல்லுக்கட்டுகின்றன. சாரைக்குப் பிடித்த இரை எலி. மழைத் தண்ணீர் தேங்கும் வட சென்னையில் எலிச் சிறுநீர் வழியாகப் பரவும் எலிக்காய்ச்சலை நினைத்தால், ஒரு சாரையின் அருமை தெரியும்.

தண்ணீர்ப் பாம்பு என்கிற நீர்க்கோலிக்குக் கோபம் அதிகம். பிடித்தால் கடிக்கும், ரத்தமும் வரும். நீர்க்கோலி கடித்தால் ராச்சோறு இல்லை என்பார்கள். சோப்புப் போட்டுக் கழுவினால் போதும் என்று நான் எழுதலாம், ஆனால் கடித்தது நீர்க்கோலிதான் என்று உறுதியாகத் தெரியாதவரை மருத்துவமனைக்குப் போவதே சரி. கொம்பேறி மூக்கன் கடித்துவிட்டுச் சுடுகாட்டு மரத்தில் ஏறிப் பிணம் எரிகிறதா என்று பார்க்கும் என்பதும், பச்சைப் பாம்பு கண்ணைக் கொத்தும் என்பதும் வெறும் கதைகள்.

உயிருக்கு ஆபத்தான பாம்புகளில் நம் பக்கம் அறிய வேண்டியவை நான்கு: நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். இவற்றில் நல்ல பாம்பு படம் எடுத்து எச்சரிக்கும். கண்ணாடி விரியனின் முதுகில் மூன்று வரிசையாகக் கரிய முட்டை வடிவப் புள்ளிகள் சங்கிலிபோல் ஓடும், சீறினால் குக்கர் விசில் போலக் கேட்கும். சென்னை மாகாணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் இயற்கையியலாளராக இருந்த பாட்ரிக் ரஸ்ஸல், 1796-இல் சோழமண்டலக் கடற்கரைப் பாம்புகளைப் பற்றிப் படங்களோடு ஒரு நூல் வெளியிட்டார். கண்ணாடி விரியனின் ஆங்கிலப் பெயரில் இன்றும் இருப்பது அவர் பெயர்தான். மண்ணுளி என்று நினைத்துச் சிறுவர்கள் கையில் எடுப்பதும் பெரும்பாலும் இதன் குட்டியைத்தான். பிறந்த அன்றே அதற்கு விஷம் உண்டு.

எனக்கு மிகவும் அச்சம் தருவது கட்டு விரியன். பகலில் ஒளிந்திருந்து இரவில் திரியும். தரையில் படுத்திருப்பவர்களைத் தூக்கத்திலேயே கடித்துவிடும். வலியோ வீக்கமோ பெரிதாக இருக்காது, பல் பதிந்த தடம்கூடத் தெரியாமல் போகலாம். விடியற்காலையில் வயிற்றுவலி, பிறகு கண் இமை தொங்கும், விழுங்க முடியாது, மூச்சு முட்டும். இரவில் நன்றாகப் படுத்தவர் காலையில் இப்படி எழுந்தால் பாம்புக்கடியாக இருக்கலாம் என்று சந்தேகித்து மருத்துவரிடம் சொல்ல வேண்டும். கட்டிலில் படுப்பதும், கொசுவலையின் ஓரத்தைப் பாய்க்கடியில் செருகிக்கொள்வதும் நல்ல காப்பு. கட்டு விரியனைப் போலவே பட்டை போட்ட வெள்ளிக்கோல் வரையன் விஷமில்லாதது, சுவரேறிப் பல்லி பிடிக்கும். வெள்ளிக்கோல் வரையனுக்குப் பட்டைகள் கழுத்திலிருந்தே தொடங்கி வால் பக்கம் மங்கும். கட்டு விரியனுக்கு வால் பக்கம்தான் தெளிவாக இருக்கும். வெளிச்சமில்லாத இடத்தில், பதற்றத்தில், இந்த வேறுபாட்டை நம்பிக் கையை நீட்டக் கூடாது.

கடித்துவிட்டால் என்ன செய்வது? கயிறு கட்டாதீர்கள், பிளேடால் கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள், மந்திரிக்கப் போய் நேரத்தைக் கழிக்காதீர்கள். மோதிரம், கொலுசு, வளையலைக் கழற்றுங்கள். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் ஒரு கட்டையோடு சேர்த்துத் தளர்வாகக் கட்டுங்கள். நடக்க விடாமல் 108-ஐ அழைத்து ஸ்டான்லி போன்ற அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். அரசு மருத்துவமனைகளில் விஷமுறிவு மருந்துக்குக் காசு இல்லை. பாம்பைத் தேடி அடித்து எடுத்துப் போக வேண்டியதும் இல்லை, ஏனென்றால் இங்கே தரும் மருந்து நான்கு பாம்புகளின் விஷத்துக்கும் பொதுவானது. கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் விஷமா என்றறிய மருத்துவர்கள் கொஞ்சம் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் அசைக்காமல் வைத்து உறைகிறதா என்று பார்ப்பார்கள். குழந்தைக்கும் பெரியவருக்கும் மருந்தின் அளவு ஒன்றுதான், பாம்பு ஆளின் வயதைப் பார்த்து விஷத்தைக் குறைத்துச் செலுத்துவதில்லை.

அந்த மருந்துக்கான விஷம் இருளர் பழங்குடியினரின் கையிலிருந்து வருகிறது. பாம்புத்தோல் ஏற்றுமதி தடை செய்யப்பட்டு அவர்கள் பிழைப்பை இழந்த பிறகு, 1978-இல் பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியோடு வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. பிடித்த பாம்பிலிருந்து விஷத்தை எடுத்துவிட்டு மீண்டும் வெளியில் விட்டுவிடுகிறார்கள். அந்த விஷத்தை மருந்து நிறுவனங்கள் குதிரைகளுக்குச் சிறிது சிறிதாகச் செலுத்தி மருந்து தயாரிக்கின்றன. 2023-இல் மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரு இருளர்களுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது இந்தத் திறமைக்காகத்தான். இவ்வளவு இருந்தும் 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் ஏறத்தாழ 12 லட்சம் பேர் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள், ஆண்டுக்குச் சராசரியாக 58,000. தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியை அறிவிக்கத்தக்க நோயாக்கியது. அதன்படி ஒவ்வொரு கடியையும் மருத்துவமனைகள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும்.

வீட்டில் செய்ய வேண்டியதை மழைக்கு முன்பே செய்யுங்கள். மதிலோரக் குப்பை, உடைந்த தொட்டி, செங்கல் குவியலை அகற்றுங்கள். எலி வளையை அடைத்துவிடுங்கள், சாக்கடைத் துளைக்குக் கம்பிவலை போடுங்கள், இரவில் டார்ச் இல்லாமல் தோட்டத்தில் இறங்காதீர்கள், ஷூவை உதறிப் போடுங்கள். பூண்டு, பினாயில், வாசலில் தொங்கும் ஆகாசகருடன் கிழங்கு எதுவும் பாம்பைத் தடுப்பதில்லை. காய்கறிப் பாத்திக்கு மேல் போடும் நைலான் வலை தரையில் படியாமல் பார்த்துக்கொள்ளுங்கள், சாரைகள் அதில் சிக்கி அறுபட்டுச் சாகின்றன. எலிக்காக வைக்கும் ஒட்டுப்பலகையையும் விட்டுவிடுங்கள், எலிக்கு முன்னால் அதில் ஒட்டுவது அரணையும் பல்லியும்தான்.

பாம்பு வீட்டுக்குள் வந்துவிட்டால் பிள்ளைகளையும் நாயையும் தள்ளி நிறுத்திவிட்டு, அது எங்கே போகிறது என்று ஒருவர் மட்டும் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருக்கட்டும். தீயணைப்புத் துறைக்கு 101, பாம்பு கடித்துவிட்டால் 108. இரண்டு எண்களையும் வீட்டில் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் இன்றைக்கே எழுதி ஒட்டிவிடுங்கள்.