மெயின்ஃபிரேமை அணைப்பது லேசான வேலையில்லை

2012 பிப்ரவரியில் நாசா தன்னிடமிருந்த கடைசி மெயின்ஃபிரேமை, அதாவது பெரிய நிறுவனங்களின் கணக்குகளைச் சுமக்கும் ரகக் கணினியை, அணைத்தது. அலபாமாவில் ஹன்ட்ஸ்வில் நகரின் மார்ஷல் விண்வெளி மையத்தில் இருந்த இயந்திரம் அது. நாசா, மெயின்ஃபிரேம் என்ற இரண்டு சொற்களையும் சேர்த்துப் படித்தால், நிலவுக்கு மனிதனை அனுப்பிய கிழட்டு ராட்சதன் விடைபெற்றுவிட்டான் என்றே நினைக்கத் தோன்றும். அணைக்கப்பட்டதோ 2005-ல் அறிமுகமான ஐபிஎம் இசட்9 ரகம். அந்த ரகத்துக்கே அப்போது ஏழு வயது நிரம்பவில்லை. அப்பல்லோ பயணங்களுக்காக ஹூஸ்டனில் கணக்குப் போட்ட சிஸ்டம்/360 மாடல் 75 கணினிகள் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டன.

மெயின்ஃபிரேம் என்றதுமே மின்னும் விளக்குகளும் அறையடைத்த இரும்பும் நம் மனக்கண்ணில் வருவதற்குப் பாதிப் பொறுப்பு சினிமாவினுடையது. சோவியத் குண்டுவீச்சு விமானங்களைக் கண்காணிக்க அமெரிக்க விமானப்படை 1950-களின் இறுதியில் ‘சேஜ்’ என்ற அமைப்பை நிறுவியது. அதன் மூளையாக இருந்த ஐபிஎம் ஏஎன்/எஃப்எஸ்கியூ-7 கணினியின் எடை சுமார் 250 டன். பல்லாயிரம் வெற்றிடக் குழாய்களுடன் மூன்று மெகாவாட் வரை மின்சாரம் குடித்தது. சேஜ் மையங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டபோது, கழற்றப்பட்ட விளக்குப் பலகைகள் ஹாலிவுட்டுக்குப் போயின. ‘தி டைம் டனல்’ தொடரிலும் ‘தி டவரிங் இன்ஃபெர்னோ’ படத்திலும் அவற்றைப் பார்க்கலாம். ராணுவத்தில் ஓய்வு பெற்ற பிறகு நடிக்கப் போன கணினி அது. மக்கள் மனதில் பதிந்த முகமும் அதுதான்.

விவரம் தெரிந்தவர்களும் ஏமாந்தார்கள். கடைசி மெயின்ஃபிரேம் 1996 மார்ச் 15 அன்று அணைக்கப்படும் என்று ‘இன்ஃபோவேர்ல்டு’ இதழில் 1991-ல் தேதியே குறித்துவிட்டார் கணினித் துறைப் பத்தியாளர் ஸ்டூவர்ட் ஆல்சாப். ஜோசியர்கள்கூட இவ்வளவு துணிய மாட்டார்கள்! பிற்பாடு அவர் தவறை ஒப்புக்கொண்டு, தன் கணிப்பு அச்சான தாளைத் தின்பதுபோல் ஐபிஎம்மின் ஆண்டறிக்கைக்கு போஸ் கொடுத்தார்.

உண்மையில் கிழடு தட்டியிருப்பது இரும்புக்குள் ஓடும் நிரல். 1964 ஏப்ரல் 7 அன்று சிஸ்டம்/360 வரிசையை அறிவித்தபோது ஐபிஎம் ஒரு வாக்கு கொடுத்தது: மாடலை மாற்றினாலும் நிரலை மாற்றி எழுத வேண்டியதில்லை. அந்த வாக்கு வாரிசு வாரிசாக இன்றுவரை தொடர்கிறது. சென்னை ஐஐடியில் 1973-ல் நிறுவப்பட்ட 370/155 அப்படி வந்த வாரிசுகளில் ஒன்று. வங்கி சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புது இயந்திரம் வாங்கும். கோபால் மொழியில் என்றோ எழுதிய நிரல் அப்படியே அதில் குடியேறும். மாறியது இரும்புதான்: இன்றைய மெயின்ஃபிரேம் பெரிய குளிர்சாதனப் பெட்டி அளவுக்குச் சுருங்கிவிட்டது.

சிக்கல், இந்த வரிசையைவிட்டே வெளியேறும்போது தொடங்குகிறது. ஐபிஎம் மெயின்ஃபிரேம் எழுத்துகளை ‘எப்சிடிக்’ என்ற குறியீட்டில் சேமிக்கிறது. மற்ற கணினிகளின் குறியீடுகள் பெரும்பாலும் ‘ஆஸ்கி’ வழி வந்தவை. ஆஸ்கியில் பூஜ்யத்தின் எண் 48, ஏ எழுத்தின் எண் 65. இலக்கம் முன்னே, எழுத்து பின்னே. எப்சிடிக்கில் ஏ 193, பூஜ்யம் 240, அப்படியே தலைகீழ். கணக்கு எண்களில் எழுத்தும் இலக்கமும் கலந்திருந்தால், புது இயந்திரத்தில் வரிசைப்படுத்தியதும் பட்டியலின் முறையே மாறிவிடும். பழைய வரிசையை நம்பி எழுதிய அடுத்த நிரல், பிழை எதுவும் காட்டாமலே தப்பான விடையைத் தரக்கூடும்.

பணக் கணக்கிலும் பள்ளம் உண்டு. மெயின்ஃபிரேம் ஒரு பைட்டுக்கு இரண்டு இலக்கம் வீதம் அடைத்து, பதின்ம முறையிலேயே கூட்டிக் கழிக்கும். அதற்கான சுற்றுகள் வன்பொருளிலேயே இருக்கின்றன. வேறு இடத்தில் அதையே இரும முறைப் பின்னங்களாக எழுதினால் 0.1 என்ற எண்ணைக்கூடத் துல்லியமாகக் குறிக்க முடியாது. விவரம் தெரிந்த நிரலாளர் மாற்று வழி வைத்திருப்பார். தெரியாதவர் எழுதினால், கோடிக்கணக்கான பரிவர்த்தனைகளில் பைசாக்கள் இடறும்.

இவை தெரிந்த பள்ளங்கள். தெரியாதவையும் உண்டு: வட்டி விதி ஒன்று மாறியபோது யாரோ சேர்த்த நாலு வரிகளுக்கு என்ன காரணம் என்று கேட்டால் பதில் சொல்ல ஆளிருக்காது. அதனால்தான் பழையதையும் புதியதையும் மாதக்கணக்கில் சேர்த்து ஓட்டி விடைகளை ஒப்பிடுகிறார்கள். பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி, லாயிட்ஸ் வங்கியின் பழைய அமைப்பிலிருந்து 2018 ஏப்ரலில் ஒரு வார இறுதிக்குள் ஒரேயடியாக மாறியது. 19 லட்சம் வாடிக்கையாளர்கள் வரை தங்கள் கணக்கைத் திறக்க முடியாமல் தவித்தார்கள். 2022-ல் வங்கிக்கு 4.86 கோடி பவுண்டு அபராதம்.

பழி மட்டும் எப்போதும் கிழட்டின் மேல்தான். 2020-ல் கொரோனா காலத்தில் நியூஜெர்சி ஆளுநர் பில் மர்ஃபி, வேலையில்லாதோர் உதவித்தொகை வழங்கும் கணினிகளைச் சமாளிக்கக் கோபால் தெரிந்தவர்கள் வேண்டும் என்று பகிரங்கமாகக் கேட்டார். உலகமே சிரித்தது. மனு வாங்கிய புதிய இணையதளமே பெரிதும் தடுமாறியது என்று தொழில்நுட்ப வரலாற்றாளர் மார் ஹிக்ஸ் பிறகு எழுதினார். அது அவ்வளவாக யார் காதிலும் விழவில்லை.

நம் சென்னை ஓஎம்ஆர் சாலையின் ஐடி நிறுவனங்களிலும் ஃபிரெஷருக்கு மெயின்ஃபிரேம் பிராஜெக்ட் என்றால் முகம் வாடிவிடும். நண்பனுக்கு ஏஐ கிடைத்திருக்கும், இவருக்குக் கோபால். ஆனால் அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ ஒரு வங்கி தன் பழைய நிரலை மூட முடிவெடுத்தால், அதற்குள் என்னென்ன விதிகள் புதைந்திருக்கின்றன என்று வரி வரியாகப் படித்துச் சொல்ல முதலில் கூப்பிடுவது அவரைத்தான்.